வெயில் பட்ட இரண்டு குப்பிகள்

தம்பி, முந்தாநாள் உன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். நீ நம்பர் பூட்டு போட்டுவிட்டுத்தான் விசா வாங்க பிரெஞ்சு கான்சுலேட்டுக்குப் போனாய். பிறந்த வருடத்தைத் தவிர வேறு எண் வைக்கத் தெரியாதவனுக்கு நம்பர் பூட்டு எதற்கு? ஸ்வெட்டரின் கைகளுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தேன். நானே வாங்கிக் கொடுத்த மாத்திரைகளின் எக்ஸ்பைரி தேதியை இன்னொரு முறை பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிரான்சிலிருந்து உனக்கு வந்த வேலைக் கடிதத்தையும் நான் விட்டுவைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இன்னமும் பென்ஷன் வாங்குகிற பக்கத்து வீட்டு சொல்தாவிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, வரி விடாமல் படிக்கச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்துவிட்டு, "ஆராய்ச்சி வேலைதாம்மா, ரெண்டு வருஷம். வேற ஒண்ணும் எழுதல. நீ போயி சோறு ஆக்கு" என்றார். எனக்கு என்னவோ அவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டார் என்றே தோன்றியது.

பெட்டியின் அடியில், கம்பளிக்குக் கீழே, உன் பழைய ஆராய்ச்சி நோட்டு இருந்தது. ஐந்து வருடத்து நோட்டை பிரான்சுக்கு எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்று பிரித்தேன். பக்கம் பக்கமாகக் கோட்டுப்படங்கள். ஒரு படத்தில் ஒரு சின்ன மேட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாய். பக்கத்தில் இரண்டே வார்த்தை: "கலை. வெயில்?" அந்தக் கேள்விக்குறியை நீ ஒரு தடவை எழுதவில்லை. பேனா மாறி, மை மாறி, மேலேயே திரும்பத் திரும்ப எழுதியதில் தாள் கிழியும் நிலைக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடமாக நான் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை இனியும் சொல்லாவிட்டால், நீ அந்தக் கேள்விக்குறியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விடுவாய். அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது. நேரில் சொன்னால் பாதியில் நீ எழுந்து போய்விடுவாய், அல்லது நான் அழுது உன் வாயை அடைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் இப்படி ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது சாக்கு இல்லை. ஆனால் அது தெரியாமல் மற்றது உனக்கு விளங்காது. அரசு மருந்துக் கிடங்கில் முப்பது வருடம் பார்மசிஸ்டாக வேலை பார்த்தவள் நான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு அங்கே சம்பளம். வருகிற ஒவ்வொரு ஊசி மருந்துக் குப்பியையும் கழுத்தைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, மெல்லத் தலைகீழாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு தூசு மிதந்தாலும், ஒரு நூல் ஓடினாலும், நிறம் கொஞ்சம் மங்கினாலும் தள்ளி வைக்க வேண்டும். பார்த்து முடித்தவுடன் இருட்டு அலமாரிக்குள் வைத்து மூடிவிட வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் மருந்துக்கு ஆகாது. பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும், வைப்பதற்கு இருட்டு வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் காலம் போயிற்று. கை அதற்குப் பழகிவிட்டது. வீட்டில் எண்ணெய் பாட்டிலைக்கூட ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாணலியில் ஊற்றுவேன். நீ அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

வீட்டுக்குள் அந்தச் சந்தேகத்தைக் கொண்டுவந்தவர் உன் அப்பா. அவர் குடிப்பார் என்பது உனக்குத் தெரியும். அவர் ஒளித்து வைக்கிற இடங்களைப் பற்றி நாம் சிரித்துக்கூடப் பேசியிருக்கிறோம். ஒன்றை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. உனக்கு ஆறு வயது. இருமல். நான் கிடங்கிலிருந்து எடுத்து வந்து கழுவி வைத்திருந்த பழுப்பு பாட்டிலில், என் கையெழுத்தில் 'இருமல் மருந்து' என்று ஒட்டியிருந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றி உன் வாயில் வைத்துவிட்டேன். நீ துப்பினாய், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தால் பிராந்தி. அவர் என் பாட்டிலில், என் கையெழுத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நான் கொடுத்தேன், என் கையால், ஆறு வயதுப் பிள்ளைக்கு. அவர் மேல் வந்த கோபம் அவரோடு போய்விட்டது. நீ பிளஸ் டூ படிக்கும்போது ஈரல் கெட்டு அவரும் போய்ச் சேர்ந்தார். என் மேல் வந்த பயம்தான் போகவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் மூடியிருக்கிற எதையும் நான் திறக்காமல் விட்டதில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். மாலையில் வீட்டுக்கு வரும்போது உன் மேல் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். கண் சிவந்திருக்கும். கேட்டால், "செல்லு வளக்குற ரூமுக்குள்ள போவணும்னா கையெல்லாம் ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்கணும்மா. அப்புறம் நாள் பூரா இருட்டுல உக்காந்துட்டு இருக்கேன், கண்ணு சிவக்காம இன்னா பண்ணும்" என்பாய். ஸ்பிரிட்டுக்கும் பிராந்திக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? தெரியும். இருந்தும் நீ குளிக்கப் போனதும் உன் சட்டையை எடுத்து முகர்வேன். இருட்டில் உட்கார்ந்து ஒருவன் அப்படி என்னதான் செய்வான் என்ற நினைப்பு எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கலைமணியை அப்போதுதான் முதலில் கூட்டி வந்தாய். உன்னோடு ஒரே மேஜையில் வேலை செய்கிறவன், பிள்ளைச்சாவடிப் பையன், அப்பா கட்டுமரத்தில் போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரா மீன் கொண்டு வந்தான். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். "காலையில எங்கப்பா வலையில வந்ததும்மா" என்று சிரித்தான். "இருக்கட்டும்ப்பா. செவுளப் பாக்காம நான் யாரு கையிலயும் மீனு வாங்கினதில்ல" என்றேன். அன்று குழம்பு கொதிக்கிற நேரத்தில்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து உங்கள் மருந்தைப் பற்றி எனக்கு விளக்கினீர்கள். புற்றுநோய்க்கான மருந்து. சாயம் மாதிரிச் சிவப்பு. செல்லுக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும், இருட்டில் ஒன்றும் செய்யாது, வெளிச்சம் பட்டால்தான் வேலை. "வெளிச்சம் பட்டா பக்கத்துல இருக்கற ஆக்சிஜன உசுப்பி விட்டுடும்மா. அது வெறி புடிச்சாப்புல கிட்ட இருக்கறதயெல்லாம் கடிக்கும். செல்லு செத்துடும்" என்றாய் நீ. "மருந்தையும் சேத்துத்தான் கடிக்கும். வேலை செய்யச் செய்ய மருந்தும் ஒடஞ்சிக்கிட்டே போவும்" என்றான் அவன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெளிச்சத்தில் வைத்த மருந்து கெட்ட மருந்து, அவ்வளவுதான் நான் படித்தது. "வேலை செய்யும்போதே சாவுற மருந்த எவன் வாங்குவான்?" என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். அந்த மருந்துக்கென்று ஒரு சிவப்பு ஒளிர்வு உண்டு, அது உடைய உடைய ஒளிர்வு மங்கும், எவ்வளவு மங்கியது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு வேலை நடந்தது என்று கணக்கிடலாம், உடைந்த துண்டுகளுக்கு வேறு நிறம், வேறு குணம், அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் ஆராய்ச்சி என்றாய். கலைமணி இன்னொன்றும் சொன்னான். வெளிச்சத்தை ஒரேயடியாகப் பலமாக அடித்தால் செல்லில் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் நினைத்த வேலை நடக்காது, நடுநடுவே விளக்கை அணைத்து இடைவெளி விட வேண்டும் என்றான். அதை அப்போது நான் காதில் வாங்கவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பொங்கல் லீவில் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. ஆள் வந்து சரி செய்ய நாலு நாள் ஆகும் என்றார்கள். நீ ஐஸ் பெட்டியில் நாலு குப்பிகளைக் கொண்டு வந்து நம் ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால் வைத்தாய். ஒவ்வொன்றின் மேலும் அலுமினிய ஃபாயிலைக் கசக்கிச் சுற்றியிருந்தாய். "நாலு நாளைக்குத்தாம்மா. தொறக்காத, இன்னா? நீ பார்மசிஸ்ட்டுங்கற தைரியத்துலதான் இங்க வெக்கறேன்" என்றாய். என் வேலையை மதித்து என் பிள்ளை சொன்ன ஒரே வார்த்தை அது. எனக்கோ அதில் 'தொறக்காத' மட்டும்தான் கேட்டது. ஃப்ரிட்ஜில் சுற்றி மறைத்த பாட்டில், திறக்காதே என்ற பேச்சு, சட்டையில் ஸ்பிரிட் வாசனை, சிவந்த கண். உன் அப்பா போய்ச் சேர்ந்து அத்தனை வருடம் கழித்து அவரே திரும்பி வந்து நம் ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

மாட்டுப் பொங்கலன்று காலை நீ கடற்கரைக்குப் போயிருந்தாய். நான் இரண்டு குப்பிகளை எடுத்து ஃபாயிலைப் பிரித்தேன். மூடியைத் திருகி முகர்ந்தேன். பிராந்தி இல்லை. அங்கேயே மூடி வைத்திருக்கலாம். நீ சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்துவிட்டது. ஆனால் கை கேட்கவில்லை. பழக்கம் தம்பி, முப்பது வருடப் பழக்கம். கழுத்தைப் பிடித்து, அடுப்படி ஜன்னலில் வந்த வெயிலுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். மாதுளைச் சாறு மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு தூசு இல்லை. என் பிள்ளை சுத்தமாக வேலை செய்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது. அப்போது சொல்தா வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டி, "தண்ணி வந்துடுச்சு, வா வா" என்று கூப்பிட்டாள். நம் வீதியில் தண்ணீர் வருகிற லட்சணம் உனக்குத் தெரியும். குப்பிகளை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பத்து குடம் பிடித்து ஊற்றிவிட்டு, வரிசையில் ஒருத்தியோடு சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இரண்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. சிவப்பு மட்டுப்பட்டு, ஓரத்தில் லேசாகப் பச்சை கலந்த மாதிரி ஒரு கலங்கல். வேறு யாராவது பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. என் கண்ணில் பட்டது. நிறம் மாறினால் தள்ளி வை என்று எத்தனை புதுப் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! மற்ற இரண்டில் ஒன்றைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவள் அந்த ஒன்றைப் பிரிக்கவில்லை. அதே ஃபாயிலைக் கையால் நீவி, மறுபடி சுற்றி மடித்து, தோசை மாவுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்தேன். நீ வந்து கேட்டாய், "தொறக்கலியே?" என்று. "எனக்கு வேற வேலை இல்லியா" என்றேன். அது பொய் என்றுகூடச் சொல்ல முடியாதபடி சாமர்த்தியமாகச் சொன்னேன்.

லீவு முடிந்ததும் கலைமணி வண்டியோடு வந்தான். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ பின்னால் உட்கார்ந்தாய். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் நீ வீடு தங்கவில்லை. ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வரைக்கும் வந்து, "அம்மா, வெளிச்சமே காட்டாத செல்லுல மருந்து ஒடஞ்சிருக்கும்மா. இருட்டுலயே. செல்லு தானாவே ஒடைக்குது. கோட்டுப்படத்துல புதுசா ஒரு மேடு, ஒரு பீக்கு வருது. இத யாரும் பாத்ததில்ல" என்றாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு முன்னாலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது செல் உடைத்தது இல்லை, முத்தியால்பேட்டையில் நம் வீட்டு ஜன்னல் வெயில் உடைத்தது. நான் கேட்டேன், "போடறதுக்கு முன்னாடி மருந்தச் சரியாப் பாத்தியா?" என்று. "பாத்தேம்மா, ஒரு குப்பிய எடுத்து டெஸ்ட் பண்ணேன், சுத்தமா இருந்துச்சு" என்றாய். அப்படியென்றால் நீ எடுத்த குப்பி நான் திறக்காதது. நாலில் ஒன்று சரியென்றால் நாலும் சரி என்று எடுத்துக்கொண்டாய்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்று ஐந்து வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். அதனாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம். உண்மை வேறு. 'ஏம்மா தொறந்த?' என்று நீ கேட்டிருப்பாய். 'நீ உங்கப்பன் மாதிரி குடிக்கிறியோன்னு பாத்தேன்' என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒரு சொட்டுகூடத் தொடாத பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். எல்லோர் முன்னாலும் அந்த முடிவைப் பெருமையாகப் பேசினாய். பழைய மருந்து தீர்ந்து புது மருந்து வந்தது. அந்த மேடு வரவில்லை. மூன்று முறை செய்தாய், ஐந்து முறை செய்தாய், வரவே இல்லை. உன் கைடு எல்லோரையும் வைத்துக்கொண்டே, "அப்ப வந்த பீக்கு இப்ப எங்க போச்சு? வந்துச்சா, வரைஞ்சியா?" என்று கேட்டாராம். அன்று நீ வந்து சாப்பிடாமல் படுத்தாய். என் பிள்ளையைப் பொய்யன் என்று ஒருவர் சொல்கிறார், அவன் பொய்யன் இல்லை என்று உலகத்தில் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், நான் அடுப்படியில் உனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ யோசித்தாய். குப்பிகளைத் தொட்டவர்கள் யார் யார் என்று யோசித்தாய். ஆராய்ச்சிக்கூடத்தைச் சந்தேகப்பட்டாய், ஐஸ் பெட்டியைச் சந்தேகப்பட்டாய், மருந்து அனுப்பிய கம்பெனியைச் சந்தேகப்பட்டாய். நீ சந்தேகப்படாத ஒரே இடம் நம் வீட்டு ஃப்ரிட்ஜ். கடைசியில் கேண்டீனில் வைத்துக் கலைமணியைக் கேட்டாய், "ஐஸ் பெட்டியிலேர்ந்து நீதான் வெளிய எடுத்த. வெயில்ல வெச்சியா?" என்று. அவன் "இல்லடா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை என்றும், குற்றமுள்ளவன்தான் அப்படி நிற்பான் என்றும் என்னிடம் வந்து சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யார் மனசுல இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்" என்றேன். அவன் கொண்டு வந்த மீனைத் தின்றுவிட்டு, அவன் மேல் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன். அவன் மீனவர் குப்பத்துப் பையன் இல்லாமல் உன் கைடின் சொந்தக்காரனாக இருந்திருந்தால் எனக்கு அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்திருக்குமா என்றும் என்னைக் கேட்டுக்கொண்டேன். வந்திருக்காது. அவன் அதற்கப்புறம் வேறு கைடிடம் மாறிப் போனான், இரண்டு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினான்.

சுனாமி வந்த டிசம்பரில் நீ அரிசி மூட்டையோடு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போனாய். பிள்ளைச்சாவடிக்கு மட்டும் போகவில்லை. "கலைமணி வீடு இன்னா ஆச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டேன். "அங்க வேற ஆளுங்க போறாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாய். அவன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கட்டுமரம் மட்டும் போயிற்று என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. யாருக்காவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அப்போதும் சொல்லியிருக்க மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று நான் லாஸ்பேட்டைக்குப் போய்விட்டு வந்தேன். அவன் அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான் என்று சொல்தாவின் பேரன் சொன்னான். உனக்குச் சொல்வதற்கு முன் அவனிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, அவனுக்கு இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். டீ வாங்கி வந்தான். நான் பழக்கதோஷத்தில் கிளாஸைத் தூக்கிப் பார்த்தேன். "கழுவித்தாம்மா குடுத்திருக்கான்" என்று சிரித்தான். நான் அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன். ஐந்து வருடக் கோபத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று பார்த்தேன். அப்புறம் வாயில் வந்தபடி சொல்லிவிட்டேன். ஃப்ரிட்ஜ், ஜன்னல், தண்ணீர், முக்கால் மணி நேரம், எல்லாவற்றையும்.

அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எனக்குத் தெரியும்மா" என்றான்.

"எப்பிடி?"

"அவன் ஃபாயிலு சுத்தினா கசக்கித்தான் சுத்துவான். நாலு குப்பியில ரெண்டு மட்டும் அழகா மடிச்சிருந்துச்சு. எங்க குப்பத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்ல, அதுல பவுடர் மருந்து குடுக்கறப்ப காகிதத்த ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி மடிப்பாங்க பாருங்க, அந்த மடிப்பு. நல்லா இருக்குதேன்னு ஒண்ண நோட்டுக்குள்ள வெச்சேன். அப்ப ஒண்ணும் தோணல. புது மருந்துல பீக்கு வரலேன்னதும்தான் அது உங்க கை மடிப்புன்னு தோணுச்சு."

"அவன் உன்னக் கேட்டப்ப ஏம்ப்பா சொல்லல?"

காலி கிளாஸை உள்ளங்கையில் உருட்டினான். "சொல்லியிருந்தா நேரா உங்ககிட்ட வந்துதான் கேட்டிருப்பான். அவனுக்கு வீட்ல நீங்க ஒருத்தர்தாம்மா. எங்க வீட்ல ஒம்போது பேரு இருக்கோம்."

மருந்துக் கிடங்கில் முப்பது வருடம், வீட்டில் அதற்கு மேல், மனிதர்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தவள் நான். அவன் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தேன். ஒரு பையன் கண்ணால் பார்த்ததை வைத்துச் சரியாகச் சந்தேகப்பட்டு, அது தன்னைக் காப்பாற்றும் என்று தெரிந்தும், உனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் தப்பாகச் சந்தேகப்பட்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அம்மா கடிதம் எழுதினால் நாலு புத்தி இல்லாமல் இருக்காது என்று நீ எதிர்பார்ப்பாய். சந்தேகப்படு. உன் வேலைக்கு அது வேண்டும். ஆனால் அதைப் பாதியில் நிறுத்தாதே. என் சந்தேகம் எல்லோரையும் சுற்றிவிட்டு என் வாசலுக்கு வரும்போது திரும்பிவிடும். உன் சந்தேகமும் நம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. நாலு குப்பி இருந்தால் நாலையும் பார், அதில் ஒன்று உன் அம்மா வைத்ததாக இருந்தாலும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளை என்னைப் போல ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்காதே. கலைமணி அன்று சொன்னானே, நடுநடுவே விளக்கை அணைக்க வேண்டும் என்று, அதை இப்போதுதான் காதில் வாங்கியிருக்கிறேன். உன்னை நான் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. நீ மூச்சு விட முடியாமல் இருந்திருப்பாய். மன்னிப்பு என்ற வார்த்தையை உன்னிடம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மன்னித்துவிடு.

இந்தக் கடிதத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நீ போகிற நேரத்தில் இதைச் சொல்லி உன்னைக் கலங்கடித்து, போகாமல் நிறுத்தப் பார்க்கிறேனோ என்று. அதனால் நானே ஒரு முடிவு செய்துவிட்டேன். இதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கலைமணியிடமும் ஒன்றை உன் கைடிடமும் சேர்த்துவிடப் போகிறேன். நீ வரையவில்லை, அந்த மேடு வந்தது, வந்ததற்குக் காரணம் இன்னது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எந்த உறையையும் ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும்.

வியாழக்கிழமை உன் வண்டி சென்னைக்குப் போகிற வழியில் பிள்ளைச்சாவடி வரும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது நீ எந்தப் பக்கம் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். அவன் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறான். அங்கே நிறுத்தும்படி டிரைவரிடம் சொல்லி வைக்கலாம் என்று மனம் பரபரத்தது, சொல்லவில்லை. வண்டி நின்றதா என்று உன்னிடமோ அவனிடமோ கேட்கவும் மாட்டேன். பெட்டியை இருந்த மாதிரியே அடுக்கிப் பூட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் புதிதாக உள்ளே வைத்திருக்கிறேன். கலைமணி பஸ் ஏற்றிவிடும்போது, "இது உங்களுதும்மா, வெச்சிக்கங்க" என்று கொடுத்தான். அந்தக் கேள்விக்குறி போட்ட பக்கத்தில் இருக்கிறது, ஐந்து வருடம் அவன் நோட்டுக்குள் கிடந்து தட்டையாகிப் போன ஃபாயில். மடிப்பு இன்னும் கலையவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் இட்லிப் பொடியும் மிக்சரும் அந்த மடிப்பில்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. அதனால்தான் அன்று அது உன் கண்ணில் படவே இல்லை. இப்போது பார்.

அம்மா